ஓர் ஆங்கில நகரசபைத் தேர்தல்

இங்கிலாந்தில் ஸ்தல ஸ்தாபனங்களுக்கான தேர்தல்கள் வழக்கமாக மே மாதத்தின் முதல் வியாழக்கிழமையன்று நடைபெறுகின்றன. மறுநாளும் அதற்கடுத்த நாளும் முடிவுகள் வெளிவரும். வெளிநாட்டுச் செய்தியாக அவை நம்மை வந்தடையும்போது, எந்தக் கட்சி எத்தனை ஸ்தானங்களை இழந்தது, எந்தக் கட்சி எத்தனை ஸ்தானங்களைப் பெற்றது என்னும் கணக்கு மட்டுமே எஞ்சுகிறது. அதனால் பிரதம மந்திரியின் செல்வாக்குக் கூடிற்றா, குறைந்ததா என்ற கேள்வியோடு ஆராய்ச்சியும் முடிந்துவிடுகிறது. ஆனால் நகரசபைத் தேர்தல் பிரதம மந்திரியைப் பற்றிய தேர்தல் அன்று. தெருவைச் செப்பனிடுவதும், குப்பையை அகற்றுவதும், நூல்நிலையத்தைத் திறந்து வைப்பதும், ஆதரவற்ற முதியோரைப் பேணுவதும் யார் பொறுப்பில் நடக்க வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் தேர்தல் அது. ஏதேனும் ஒரு நகரத்தை எடுத்துக்கொண்டு, சில ஆண்டுகளின் முடிவுகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் இது தெளிவாக விளங்கும். அவ்வாறு பார்ப்பதற்கு ஏற்ற ஊர் ஷெஃபீல்டு.

வட இங்கிலாந்தில், யார்க்ஷயர் பிரதேசத்தின் தென்பகுதியில், குன்றுகளுக்கும் சிற்றாறுகளுக்கும் இடையே அமைந்துள்ள நகரம் ஷெஃபீல்டு. கத்தி, கத்தரிக்கோல் முதலியவற்றுக்குப் பல நூற்றாண்டுகளாகப் பெயர் பெற்றது. நம் வீடுகளில் எவர்சில்வர் என்று வழங்கும் துருப்பிடிக்காத எஃகை ஹாரி பிரியர்லி 1913-ஆம் ஆண்டில் உருவாக்கியது இந்நகரத்து ஆய்வுக்கூடம் ஒன்றில்தான். 2021-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி இங்கு ஐந்தரை லட்சத்துக்கு மேற்பட்ட மக்கள் வாழ்ந்தனர். உலைக்களங்களின் புகைக்குப் பேர்போன ஊராயிருந்தும், இதன் குடியிருப்புத் தெருக்கள் பலவற்றில் இருமருங்கும் பெருமரங்கள் வரிசையாக நின்று நிழல் தருகின்றன. நாம் சொல்லப்போகும் கதைக்கு அம்மரங்களே மூலகாரணம்.

அரசியலிலும் ஷெஃபீல்டுக்குத் தனி இடம் உண்டு. 1926-ஆம் ஆண்டில், இங்கிலாந்தின் பெருநகரங்களுள் முதன்முதலாகத் தொழிற்கட்சி நகரசபையைக் கைப்பற்றியது இங்கேதான். அதன்பின் இடையிடையே சில ஆண்டுகள் நீங்கலாக, அக்கட்சியே நகரசபையை ஆண்டுவந்தது. 1999-ஆம் ஆண்டிலும் 2008-ஆம் ஆண்டிலும் லிபரல் ஜனநாயகக் கட்சி ஆட்சியைப் பிடித்தது. 2011-ஆம் ஆண்டில் தொழிற்கட்சி மீண்டும் திரும்பிற்று. எஃகுத் தொழிலாளரின் ஊரில் தொழிற்கட்சி ஆள்வது இயல்பே என்று எல்லோரும் கொண்டிருந்தனர்.

முடிவுகளைப் புரிந்துகொள்ளுமுன் தேர்தல் முறையைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஷெஃபீல்டு நகரம் 28 வட்டங்களாகப் பிரிக்கப்பட்டுள்ளது. வட்டத்துக்கு மூவர் வீதம் நகரசபையின் அங்கத்தினர் 84 பேர். அறுதிப் பெரும்பான்மைக்கு 43 பேர் வேண்டும். அங்கத்தினரின் பதவிக்காலம் நான்கு ஆண்டுகள். ஆயினும் 84 பேரும் ஒரே நாளில் தேர்ந்தெடுக்கப்படுவதில்லை. ஓராண்டில் வட்டத்துக்கு ஒருவர், மறு ஆண்டில் இன்னொருவர், மூன்றாம் ஆண்டில் எஞ்சியவர் என்று மும்முறை தேர்தல் நடைபெறும். நான்காம் ஆண்டு ஓய்வு. வட்டங்களின் எல்லைகள் மாற்றி அமைக்கப்படும்போது மட்டும் அனைவரும் ஒருங்கே தேர்ந்தெடுக்கப்படுவர். அவ்வாறு நடந்தது 2016-ஆம் ஆண்டில். அப்போது ஒவ்வொரு வட்டத்திலும் வென்ற மூவருள் மிகுதியான வாக்குப் பெற்றவருக்கு நான்காண்டும், அடுத்தவருக்கு மூன்றாண்டும், கடைசியாக வந்தவருக்கு இரண்டாண்டும் பதவி கிடைத்தது.

இம்முறையில் ஒரு நன்மையும் ஒரு தீமையும் உண்டு. ஆளுங்கட்சி மக்களின் எண்ணத்தை ஏறத்தாழ ஆண்டுதோறும் அறிந்துகொள்ளலாம் என்பது நன்மை. மக்கள் ஆட்சியை மாற்ற விரும்பினாலும் ஒரே தேர்தலில் அது கைகூடுவது அரிது என்பது தீமை. மூன்றில் ஒரு பங்கு ஸ்தானங்களே ஒரு தடவை போட்டிக்கு வருவதால், வலுவான பெரும்பான்மை கொண்ட கட்சியை இறக்க இரண்டு மூன்று தேர்தல்கள் தேவைப்படும். மக்களுக்குப் பொறுமை வேண்டும். கோபமும் ஆறாமல் இருக்க வேண்டும்.

வாக்களிப்பு முறை எளிது. காலை 7 மணி முதல் இரவு 10 மணி வரை சாவடிகள் திறந்திருக்கும். பள்ளிக்கூடம், மாதாகோவில் மண்டபம் போன்றவை சாவடிகளாகும். வாக்காளர் காகிதச் சீட்டில் தமக்கு வேண்டிய அபேட்சகரின் பெயருக்கு எதிரே பெருக்கல் குறி இடுவர். கேட்பவர்க்குத் தபால் மூலம் வாக்களிக்கும் வசதியும் உண்டு. 2023-ஆம் ஆண்டு மே மாதம் முதல், சாவடிக்கு வருவோர் புகைப்படத்துடன் கூடிய அடையாளச் சீட்டைக் காட்ட வேண்டும் என்ற விதி நடைமுறைக்கு வந்தது. சீட்டுகளைக் கையால் எண்ணுகின்றனர். எவர் மற்றவரைவிட ஒரு வாக்கேனும் அதிகம் பெறுகிறாரோ அவரே வெற்றி பெற்றவர். பாதிக்கு மேல் பெற வேண்டுமென்பதில்லை. இருவர் சமமாகப் பெற்றால் சீட்டுக் குலுக்கியோ வேறு வகையிலோ திருவுளம் பார்த்து முடிவு செய்வர். நம் நேயர்களுக்குச் சுவையான செய்தி இன்னொன்று. பிரிட்டனில் வசிக்க உரிமை பெற்ற காமன்வெல்த் நாட்டினர் எவரும், பிரிட்டிஷ் பிரஜையாக மாறாமலே, இத்தேர்தல்களில் வாக்களிக்கலாம். ஷெஃபீல்டில் வாழும் இந்தியப் பிரஜைக்கும் நகரசபைத் தேர்தலில் வாக்குண்டு.

இனி, தேர்ந்தெடுக்கப்பட்ட 84 பேரும் என்ன செய்கின்றனர் என்று பார்ப்போம். பழைய காலத்தில் ஆங்கில நகரசபைகள் குழுக்களின் மூலமாகவே வேலை செய்தன. கல்விக்கு ஒரு குழு, வீடமைப்புக்கு ஒரு குழு, சாலைகளுக்கு ஒரு குழு என்று எல்லாக் கட்சி அங்கத்தினரும் கலந்து அமர்ந்து முடிவெடுத்தனர். இது தாமதத்துக்கு இடமளிக்கிறது, எந்தத் தவறுக்கு யார் பொறுப்பு என்று தெரிவதில்லை என்று குறைகள் எழுந்தன. ஆகவே 2000-ஆம் ஆண்டில் பார்லிமெண்டு ஒரு சட்டம் செய்தது. அதன்படி பெரும்பாலான நகரசபைகள் மந்திரிசபையைப் போன்ற நிர்வாகக் குழுவை அமைத்துக்கொண்டன. தலைவர் உட்படப் பத்துப் பேருக்கு மேல் அதில் இருக்கலாகாது. ஷெஃபீல்டும் அந்த முறைக்கு மாறிற்று. விழாக்களில் அங்கி அணிந்து முதல் மரியாதை பெறும் லார்டு மேயர் வேறு. அதிகாரம் செலுத்தும் நகரசபைத் தலைவர் வேறு. பெரும்பான்மைக் கட்சியின் தலைவரே நகரசபைத் தலைவர். அவரும் அவர் சேர்த்துக்கொள்ளும் ஒரு சிலரும் முக்கியமான முடிவுகளை எடுப்பர். ஏனையோர் கேள்வி கேட்கலாம், விமரிசிக்கலாம், தம் வட்டத்து மக்களின் மனுவைக் கொண்டுவந்து கொடுக்கலாம். ஆனால் முடிவு அவர்கள் கையில் இல்லை.

அமைதியான காலத்தில் இதை எவரும் பெரிதாக நினைக்கவில்லை. மரங்களின் தகராறு வந்தபோதுதான் இம்முறையின் பொருள் மக்களுக்குப் புலனாயிற்று.

ஷெஃபீல்டின் சாலைகள் நெடுங்காலமாகப் பழுதுற்றுக் கிடந்தன. அவற்றைச் செப்பனிட நகரசபை 2012-ஆம் ஆண்டில் ஏமி என்னும் தனியார் நிறுவனத்துடன் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டது. காலம் 25 ஆண்டுகள்; மதிப்பு ஏறத்தாழ 220 கோடி பவுன். சாலை, நடைபாதை, தெருவிளக்கு ஆகியவற்றோடு தெருமரங்களும் அந்த ஒப்பந்தத்தில் அடங்கின. தெருக்களில் இருந்த மரங்கள் சுமார் 36,000. அவற்றில் 17,500 மரங்களை, அதாவது ஏறக்குறையப் பாதியை, 25 ஆண்டுகளில் அகற்றிப் புதுக்கன்றுகள் நடுவதற்கு ஒப்பந்தம் இடம் தந்தது. நோயுற்ற மரங்கள், பட்டுப்போன மரங்கள் என்பவற்றோடு, வேரால் நடைபாதையைப் பெயர்த்தவை, சாலை ஓரக்கல்லைத் தள்ளியவை என்ற காரணத்தாலும் மரங்கள் வெட்டப்படலாயின.

மக்கள் முதலில் மனுக் கொடுத்தனர். வேரைக் காப்பாற்றிக்கொண்டே நடைபாதையைச் சீர்செய்ய வழிகள் பல உண்டென்று எடுத்துக்காட்டினர். நகரசபை 2015-ஆம் ஆண்டின் இறுதியில் மரங்களைப் பற்றி யோசனை கூற ஒரு தனிக் குழுவை அமைத்தது. ஆனால் அக்குழு காப்பாற்றலாம் என்று கூறிய மரங்களிலும் பெரும்பாலானவற்றை வெட்டவே நிர்வாகம் முடிவு செய்தது. 2016-ஆம் ஆண்டு நவம்பர் 17-ஆம் தேதி, பொழுது புலருமுன், ரஸ்ட்லிங்ஸ் ரோடு என்னும் தெருவில் போலீசார் துணையுடன் ஆட்கள் வந்திறங்கினர். வாசலில் நிற்கும் மோட்டார் வண்டிகளை அப்புறப்படுத்துமாறு வீட்டுக்காரர்கள் உறக்கத்திலிருந்து எழுப்பப்பட்டனர். எட்டு மரங்கள் வீழ்ந்தன. அவை ஆங்கிலத்தில் லைம் எனப்படுபவை. நம் எலுமிச்சை அல்ல, லிண்டன் என்ற பெயரும் கொண்ட உயர்ந்த நிழல் மரங்கள். தடுக்க முயன்ற முதிய பெண்மணிகள் இருவர் கைது செய்யப்பட்டனர். அம்மரங்களைக் குறித்த தனிக் குழுவின் யோசனை பொதுமக்களுக்கு வெளியிடப்பட்டதும் அதே விடியற்காலையில்தான்.

அன்று முதல் ஷெஃபீல்டின் மரங்கள் நாடறிந்த செய்தியாயின. செல்ஸீ ரோடு என்னும் தெருவில், எல்ம் மரங்களைக் கொன்றொழித்த கொள்ளை நோய்க்கும் தப்பி நூறாண்டுக்கு மேல் நின்ற ஒரு மரமும், அதையே நம்பி வாழ்ந்த அரிய வண்ணத்துப்பூச்சிகளும் மக்களின் பேச்சில் அடிபட்டன. வெஸ்டர்ன் ரோடு என்னும் தெருவில், முதல் உலக யுத்தத்தில் பணியாற்றிய பழைய மாணவர்களின் நினைவாக 1919-ஆம் ஆண்டில் நடப்பட்ட மரங்களுள் சிலவும் வெட்டுவதற்குக் குறிக்கப்பட்டிருந்தன. மக்கள் மரத்தடியில் நின்று வேலையைத் தடுத்தனர். நகரசபை 2017-ஆம் ஆண்டில் ஹைக்கோர்ட்டை அணுகித் தடை உத்தரவு பெற்றது. அவ்வுத்தரவை மீறியதாகப் பசுமைக் கட்சியைச் சேர்ந்த நகரசபை அங்கத்தினர் அலிசன் டீல் மீதே நகரசபை வழக்குத் தொடர்ந்தது. கோர்ட்டு அவர் மீறவில்லை என்று தீர்ப்பளித்தது. மற்றொரு வழக்கில் சிலருக்கு ஒத்திவைக்கப்பட்ட சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. 2018-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் மரம் வெட்டும் வேலை நிறுத்தி வைக்கப்பட்டது. அதற்குள் 5,000-க்கும் மேற்பட்ட தெருமரங்கள் வீழ்ந்துவிட்டன.

இத்தனையும் நடந்த காலத்தில் நகரசபையில் இருந்த எதிர்க்கட்சி அங்கத்தினரின் நிலை என்ன? அவர்கள் மக்களால் முறைப்படி தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். தம் வட்டத்துத் தெருவில் நின்ற மரம் ஒன்றைக் காப்பாற்றும் அதிகாரம் அவர்களுக்கு இல்லை. ஆளுங்கட்சியிலேயே நிர்வாகக் குழுவுக்கு வெளியே இருந்தவர்களின் நிலையும் ஏறக்குறைய அதுதான். ஆகவே வாக்காளருக்கு ஒரு கேள்வி எழுந்தது. நம் பிரதிநிதிக்கு அதிகாரம் இல்லையென்றால், நாம் அவருக்கு இட்ட வாக்குக்கு என்ன மதிப்பு?

இந்தப் பின்னணியில் தேர்தல் முடிவுகளை வரிசையாகப் பார்ப்போம். 2016-ஆம் ஆண்டில், 84 ஸ்தானங்களில் தொழிற்கட்சி 57, லிபரல் ஜனநாயகக் கட்சி 19, பசுமைக் கட்சி 4, ஐக்கிய ராஜ்ய சுயேச்சைக் கட்சி 4. பெரும்பான்மைக்கு வேண்டியதைவிடத் தொழிற்கட்சியிடம் 14 ஸ்தானங்கள் அதிகம் இருந்தன. 2017-ஆம் ஆண்டு ஓய்வு. 2018-ஆம் ஆண்டில் தொழிற்கட்சி 53-ஆகக் குறைந்தது. லிபரல் ஜனநாயகக் கட்சி 22, பசுமைக் கட்சி 6, சுயேச்சைக் கட்சி 3. 2019-ஆம் ஆண்டில் தொழிற்கட்சி 49, லிபரல் ஜனநாயகக் கட்சி 26, பசுமைக் கட்சி 8, சுயேச்சைக் கட்சி 1.

ஒவ்வொரு தேர்தலிலும் நான்கு ஸ்தானங்கள் கரைந்தன. ஆயினும் ஆட்சி அசையவில்லை. அசையாதது மட்டுமன்று, 49 பேரைக் கொண்ட கட்சியும் 57 பேரைக் கொண்ட கட்சியைப் போலவே முழு அதிகாரம் செலுத்தியது. நிர்வாகக் குழு முறையில் ஒரு ஸ்தானம் மிகுந்த பெரும்பான்மையும் பெரும்பான்மையே. எதிர்க்கட்சிகளின் பலம் 27-இலிருந்து 35-ஆக உயர்ந்தும், நிர்வாகக் குழுவில் அவற்றுக்கு ஓர் இடமும் கிட்டவில்லை.

எனவே மக்கள் வேறொரு வழியையும் நாடினர். 2011-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, பழைய குழுமுறைக்குத் திரும்ப நகரசபைகளுக்கு அனுமதி தந்திருந்தது. நகரத்து வாக்காளரில் நூற்றுக்கு ஐவர் கையொப்பமிட்டு விண்ணப்பித்தால், நிர்வாக முறையை மாற்றுவது பற்றி நகரசபை பொதுஜன வாக்கெடுப்பு நடத்தியே தீரவேண்டும் என்ற விதியும் இருந்தது. ஷெஃபீல்டில் அதற்கு ஏறத்தாழ 20,000 கையொப்பங்கள் தேவை. கட்சி சாராத குடிமக்கள் சங்கம் ஒன்று சந்தைகளிலும் தெருமுனைகளிலும் நின்று 26,000-க்கும் மேற்பட்ட கையொப்பங்களைத் திரட்டி 2019-ஆம் ஆண்டில் நகரசபையிடம் சமர்ப்பித்தது. வாக்கெடுப்பு 2020-ஆம் ஆண்டு மே மாதம் நடைபெறுவதாயிருந்தது. கொரோனாத் தொற்றின் காரணமாக அதுவும், அவ்வாண்டு நடக்கவேண்டிய நகரசபைத் தேர்தலும் ஓராண்டு தள்ளிப்போயின.

2021-ஆம் ஆண்டு மே மாதம் 6-ஆம் தேதி ஷெஃபீல்டு வாக்காளர்கள் சாவடிக்கு வந்தபோது இரண்டு சீட்டுகளும் ஒருங்கே அவர்களுக்குக் கிடைத்தன. ஒன்று யார் ஆள்வது என்பதைக் கேட்டது. மற்றது எவ்வாறு ஆள்வது என்பதைக் கேட்டது. இரண்டுக்கும் விடை தெளிவாக வந்தது.

முதற் சீட்டின் விடை: தொழிற்கட்சி 41, லிபரல் ஜனநாயகக் கட்சி 29, பசுமைக் கட்சி 13, கன்சர்வேடிவ் கட்சி 1. பெரும்பான்மைக்கு இரண்டு ஸ்தானங்கள் குறைந்தன. ஹில்ஸ்பரோ வட்டத்தில், அவ்வாண்டு ஜனவரியில்தான் நகரசபைத் தலைவராகப் பொறுப்பேற்ற பாப் ஜான்சன் பசுமைக் கட்சி அபேட்சகரிடம் தம் ஸ்தானத்தையே இழந்தார். நகரத்தை ஆண்ட தலைவர் தம் வட்டத்து வாக்காளரால் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்.

இரண்டாவது சீட்டின் விடை: குழுமுறை வேண்டும் என்றவர்கள் 89,670, இருக்கும் முறையே போதும் என்றவர்கள் 48,727. நூற்றுக்கு ஏறத்தாழ 65 பேர் மாற்றத்தை விரும்பினர். இவ்விடத்தில் பழைய செய்தி ஒன்றையும் சேர்த்து நோக்குவது தகும். மக்களால் நேரடியாகத் தேர்ந்தெடுக்கப்படும் மேயர் ஒருவரிடம் அதிகாரத்தை ஒப்படைக்கலாமா என்று 2012-ஆம் ஆண்டில் இதே நகரத்தில் ஒரு வாக்கெடுப்பு நடந்தது. அப்போது வேண்டாம் என்றவர்களும் நூற்றுக்கு ஏறத்தாழ 65 பேரே. ஒருவர் கையிலோ ஒரு சிலர் கையிலோ அதிகாரம் குவிவதை இந்நகரம் இருமுறை கேட்கப்பட்டு, இருமுறையும் மறுத்தது.

தொழிற்கட்சியின் இழப்புக்கு மரங்களே காரணம் என்று சொல்லிவிடலாமா? அது முழு உண்மை ஆகாது. அவ்வாண்டு நாடெங்கும் தொழிற்கட்சிக்குப் பின்னடைவு இருந்தது. அதே மே 6-ஆம் தேதியன்று, நெடுங்காலமாகத் தன் கோட்டையாயிருந்த ஹார்ட்டில்பூல் பார்லிமெண்டுத் தொகுதியை இடைத்தேர்தலில் அக்கட்சி கன்சர்வேடிவ் கட்சியிடம் இழந்தது. அந்தக் காற்று ஷெஃபீல்டிலும் சிறிது வீசிற்று. நகரத்தின் வடகோடியில் உள்ள ஸ்டாக்ஸ்பிரிட்ஜ் வட்டத்தில் கன்சர்வேடிவ் கட்சிக்குக் கிடைத்த ஒரு ஸ்தானம் அதற்குச் சான்று. ஆனால் கணக்கைக் கூர்ந்து நோக்குக. 2019-ஆம் ஆண்டைவிடத் தொழிற்கட்சிக்கு 8 ஸ்தானங்கள் குறைந்தன. பசுமைக் கட்சிக்கு 5-உம், லிபரல் ஜனநாயகக் கட்சிக்கு 3-உம், கன்சர்வேடிவ் கட்சிக்கு 1-உம் கூடின. சுயேச்சைக் கட்சி தன்னிடம் எஞ்சியிருந்த ஒன்றையும் இழந்தது. நாட்டுக் காற்று மட்டுமே வீசியிருந்தால் ஆதாயம் கன்சர்வேடிவ் கட்சிக்குச் சென்றிருக்கும். அவ்வாறின்றி, மரங்களுக்காகவும் குழுமுறைக்காகவும் வாதாடிவந்த கட்சிகளுக்கே அது பெரும்பாலும் சென்றது. தலைநகரத்து அரசியலை அளக்கும் கோலாக மட்டும் ஸ்தல தேர்தலைக் கருதுவோர் தவறவிடுவது இந்த வேறுபாட்டைத்தான்.

தேர்தலுக்குப்பின் தொழிற்கட்சி தனித்து ஆள முடியவில்லை. டெர்ரி ஃபாக்ஸ் என்பவர் தலைமையில், பசுமைக் கட்சியையும் சேர்த்துக்கொண்டு நிர்வாகம் அமைந்தது. வாக்கெடுப்பின் முடிவுப்படி 2022-ஆம் ஆண்டு மே மாதம் முதல் குழுமுறை நடைமுறைக்கு வந்தது. கட்சிகளின் பலத்துக்கேற்பக் குழுக்களில் இடம் பகிர்ந்தளிக்கப்பட்டது. 2022, 2023, 2024 ஆகிய மூன்றாண்டுத் தேர்தல்களிலும் எக்கட்சிக்கும் அறுதிப் பெரும்பான்மை கிட்டவில்லை.

மரங்களின் வழக்கும் அத்துடன் முடிந்துவிடவில்லை. ஐக்கிய நாடுகள் ஸ்தாபனத்தில் உயர்பதவி வகித்த சர் மார்க் லோகாக் தலைமையில் சுயேச்சையான விசாரணை நடைபெற்று, 2023-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் அறிக்கை வெளிவந்தது. நகரசபையின் தலைமை நீண்டகாலம் கடுமையாகத் தவறியது என்றும், கோர்ட்டுக்கும் மக்களுக்கும் தரப்பட்ட தகவல்களில் உண்மைக்கு மாறானவை இருந்தன என்றும் அவ்வறிக்கை கூறிற்று. அதே ஆண்டு மே மாதத்தில் ஃபாக்ஸ் தலைமையிலிருந்து விலகினார். தெருமரங்களின் பொறுப்பு ஒரு காலத்தில் அவரிடம் இருந்தது. டாம் ஹண்ட் அவர் இடத்துக்கு வந்தார். ஜூன் மாதத்தில் நகரசபை தன் செய்கைக்காக மக்களிடம் முறைப்படி மன்னிப்புக் கோரியது. முன்பு வெட்டுவதற்குக் குறிக்கப்பட்ட மரங்கள் பல, நடைபாதையைச் சீர்செய்ததன் மூலம் தப்பின. செல்ஸீ ரோட்டு எல்ம் மரமும் அவ்வாறு தப்பியவற்றுள் ஒன்று.

குழுமுறை வந்துவிட்டதால் எல்லாக் குறையும் தீர்ந்துவிடும் என்று நாம் கருதுவதற்கில்லை. 2000-ஆம் ஆண்டில் அம்முறையைக் கைவிட்டவர்கள் கூறிய குறைகள் பொய்யல்ல. பலர் கூடி எடுக்கும் முடிவு தாமதமாகலாம். தவறு நேர்ந்தால் ஒருவரையொருவர் சுட்டிக்காட்டலாம். நிர்வாகக் குழு முறையிலும் பிறர் சொல்லைக் கேட்டு நடக்கும் தலைவர்கள் உண்டு. முறை எதுவாயினும், ஆள்வோர் காது கொடுத்துக் கேட்கின்றனரா என்பதே முக்கியம். கேட்காதபோது அவர்களைக் கேட்க வைக்க மக்களிடம் என்ன கருவி இருக்கிறது என்பது அடுத்த கேள்வி.

அந்தக் கருவியை ஷெஃபீல்டு மக்கள் எவ்வாறு கையாண்டனர் என்பதே நாம் கருத்தில் கொள்ளத்தக்கது. தெருவில் நின்று தடுத்தது உடனடி ஆபத்திலிருந்து சில மரங்களைக் காத்தது. ஆனால் நகரசபையின் போக்கை நிரந்தரமாக மாற்றியது, 2016-க்கும் 2021-க்கும் இடையே மூன்று தடவை சிறிது சிறிதாக நகர்ந்த வாக்குகளும், சந்தையில் நின்று ஒவ்வொன்றாகத் திரட்டிய கையொப்பங்களுமே. 2021-ஆம் ஆண்டு வாக்கெடுப்பில் பங்குகொண்டோர் வாக்காளரில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினரே என்பதையும் மறக்கலாகாது. மீதி இரு பங்கினர் வீட்டில் இருந்த நாளில், வந்தவர்களே நகரத்தின் ஆட்சிமுறையைத் தீர்மானித்தனர்.

நம் நாட்டின் நகரசபைகளுக்கும் இங்கிலாந்தின் ஸ்தல ஸ்தாபனங்களுக்கும் பழைய உறவு உண்டு. 1882-ஆம் ஆண்டில் ரிப்பன் பிரபு வெளியிட்ட தீர்மானத்திலிருந்தே இங்கு ஸ்தல சுயாட்சி உருப்பெறத் தொடங்கியது என்பர். 1992-ஆம் ஆண்டில் நிறைவேறிய 74-ஆவது அரசியல் சட்டத் திருத்தம் நகரசபைகளுக்கு அரசியல் சட்டத்தில் இடம் தந்தது. சட்டம் இடம் தருவது ஒன்று. அந்த இடத்தில் மக்கள் வந்து அமர்வது மற்றொன்று. இனி ஒருமுறை ஆங்கில நகரம் ஒன்றின் தேர்தல் முடிவு செய்தியில் வரும்போது, இத்தனை ஸ்தானம் போயிற்று, இத்தனை ஸ்தானம் வந்தது என்ற எண்களைக் கேட்டு நாம் கடந்துவிட வேண்டியதில்லை. அந்த எண்களுக்குப் பின்னால் ஏதேனும் ஒரு தெருவும், அத்தெருவில் வாழ்வோர் காக்க விரும்பிய ஏதேனும் ஒன்றும் இருக்கக்கூடும்.